மூன்றாம் நாள் திரும்பி வரும் மோதிரம்

வைரத்தைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடக் கூடாது, அதை மஞ்சள் துணியில் முடிந்து மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், அந்த மூன்று நாளில் பால் திரியாமல், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் காணாமல், கெட்ட கனவு வராமல், கெட்ட சேதி வந்து வாசலில் நிற்காமல் இருந்தால் அந்தக் கல் அந்த வீட்டுக்கு ஒத்துக்கொண்டது, நாலாம் நாள் விடிந்தும் கையில் இருந்தால் அதை வாங்கியாயிற்று என்று அர்த்தம் என்பது, கீழத்தோப்பூரில் வைரம் வாங்க வசதி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒன்றுபோலத் தெரிந்த விஷயம். அப்படிப் பார்த்தால் சங்கரவடிவின் மோதிரத்தைப் போல எல்லா வீட்டுக்கும் ஒத்துக்கொண்ட கல் வேறு கிடையாது. அது போன வீட்டில் எல்லாம் மூன்று நாளும் ஒன்றுமே நடக்கவில்லை. கெட்டது நடக்கவில்லை, நல்லதும் நடக்கவில்லை. பால் காய்ந்தது, ஆனால் பொங்கவில்லை. போன் அடிக்கவில்லை. பிள்ளைகள் விழவில்லை, எழுந்து ஓடவுமில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மோதிரம் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

இருபத்தெட்டாவது முறையாக அது திரும்பி வந்த சாயங்காலம், தரகர் இசக்கியப்பன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் முடிச்சை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"என்ன சொன்னாவ அண்ணாச்சி?"

"ஒரு கொறையும் சொல்லல தாயி. கண்ணுல ஒத்திக்கிட்டாவ. மூணு நாளும் வீடு அப்படியே அசையாம கெடந்துச்சுன்னு சந்தோசப்பட்டாவ."

"அப்ப வாங்க வேண்டியதுதானே?"

"மனசு வரலங்காவ."

"யாருக்கு வரல?"

"அரிசி ஆலைக்காரருக்கும் வரல, அவரு சம்சாரத்துக்கும் வரல. என்ன காரணம்னு கேட்டா ஒண்ணுமில்ல, வரலங்காவ. நான் என்னத்த செய்ய?"

"இருபத்தெட்டு வீட்டுலயும் மனசு வரல. மனசு என்ன அம்பாசமுத்திரம் பஸ்ஸா அண்ணாச்சி, வரல வரலன்னு சொல்லுததுக்கு?" என்று கத்த வேண்டும் போல இருந்தது சங்கரவடிவுக்கு. ஆனால் முடிச்சு மேஜைக்கு வந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் இனி கத்தல் என்று ஒன்று நடக்காது. அவள் வாயைத் திறந்து, மூடி, தரகருக்குக் காபி கலக்கப் போனாள்.

அந்த மோதிரம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். சங்கரவடிவின் அப்பா தாணுப்பிள்ளை வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய சாமான் பைத்தியம். பாக்குவெட்டி என்றால் நாற்பது, பூட்டு என்றால் எழுபது, அத்தர் சீசா, சந்தனக் கிண்ணம், வெண்கல உருளி, யாரோ ஒரு ஜமீன்தார் மீசையைச் சுருட்ட வைத்திருந்த இடுக்கி வரைக்கும் அந்த வீட்டில் இருந்தன. கடைசியாக அவர் வாங்கியதுதான் மோதிரம். நொடித்துப்போன ஒரு ஜமீன் வீட்டில் ஏலம் போட்டார்கள். கல்லின் அடிப்பக்கத்தை மூடிக் கட்டிய பழைய காலத்து மோதிரம், கொண்டைக்கடலை அளவுக்கு ஒற்றைக் கல், உள்ளே நீலமாக ஓர் ஓட்டம். அதைப் பார்த்ததும் தாணுப்பிள்ளைக்குக் கை நிற்கவில்லை. சங்கரவடிவின் கல்யாணத்துக்கென்று அவள் அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்துவிட்டுச் செத்துப்போன பணம் முழுவதையும் கொண்டுபோய் அந்த ஏலத்தில் கொட்டிவிட்டு, இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்து, "இந்தா பாருட்டி, இதுதான் உன் கல்யாணம். பணமா இருந்தா என்ன, கல்லா இருந்தா என்ன?" என்று மேஜை மேல் வைத்தார். அப்போது அவளுக்கு வயது இருபத்திநாலு.

அதோடு சரி. அந்த வீட்டில் நடப்பது நின்றுபோயிற்று. வந்துகொண்டிருப்பதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கு வரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தாணுப்பிள்ளை எந்த இருமலோடு வாசற்படி ஏறினாரோ அந்த இருமலை, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், இருபத்தைந்து வருடம் இருமினார். மாசம் பிறந்தால் பென்ஷன் வந்தது, வெயில் அடித்தது, மழை பெய்தது, சங்கரவடிவின் தலையில் ஒரே ஒரு முடி பாதி வரைக்கும் நரைத்து அங்கேயே நின்றது. தெருக்காரர்கள் இதில் அதிசயப்பட ஒன்றும் காணவில்லை. "தாணுப்பிள்ளை மகளுக்கு வயசே ஆகலையே" என்று யாராவது வெளியூர்க்காரர் கேட்டால், "ஆமா, வைரம் வச்சிருக்காவள்ளா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் தாணுப்பிள்ளையே, "இருமி இருமி எனக்குச் சலிச்சுப் போச்சுட்டி. அந்த மோதிரத்த வித்துரு. வித்த பணத்த வாங்கிட்டு நீ உன் வழியப் பாரு" என்றார். தரகரைக் கூப்பிட்டு மோதிரத்தைப் பார்வைக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் பார்வைக்குக் கொடுப்பது என்பது ஒரு நடப்பு ஆகாது, திரும்பி வரப்போகிற சாமான் போனதாகக் கணக்கில்லை. அதனால் அது வாசலைத் தாண்டியது. தாண்டிய மறுநாள் காலையில் தாணுப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்தார், இருமினார், அந்த இருமல் வேறு மாதிரி இருந்தது, சாய்ந்தார், போய்விட்டார். எண்பத்தொன்பது வயது. மறுநாள், சாவு வீட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தரகர் வந்து, மனசு வரவில்லையாம் என்று மெல்லிய குரலில் சொல்லி மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதுவரை குமுறிக் குமுறி அழுதுகொண்டிருந்த சங்கரவடிவுக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தை அடுத்த பார்வைக்கு மோதிரம் போன அன்றைக்குத்தான் அவளால் அழ முடிந்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் கோபம் வந்தது, வந்த கோபம் அன்றிலிருந்து போகவில்லை. ஒரு தடவை ஆற்றில் எறிந்துவிடலாம் என்று படித்துறை வரை போனாள். கை விரியவில்லை. காலை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மோதிரம் வெளியே இருக்கிற நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அடுத்த வீட்டுக் கோமுவும் அதைத்தான் கேட்டாள்.

"அது எப்படிட்டி போவேன்? அது என் கல்யாணம். எங்கம்மா ஒவ்வொரு பைசாவா சேத்த கல்யாணம். அத வித்து, பணத்தக் கையில வாங்கிட்டுத்தான் இந்த வாசல்படிய எறங்குவேன். சும்மா விட்டுட்டுப் போவேனாக்கும்?" என்றாள் சங்கரவடிவு. அப்பாவின் பிடிவாதம் அத்தனையும் அவள் மூக்கில் இருந்தது.

இரண்டு வருடம் ஆயிற்று. பாக்குவெட்டி, பூட்டு, சீசா, ஜமீன்தாரின் மீசை இடுக்கி எல்லாம், மோதிரம் வெளியே போயிருந்த நாட்களில், ஆள் மேல் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மோதிரம் ஒன்றுதான் மிச்சம். போன வீட்டில் எல்லாம் அதை வாங்குவது என்பதும் ஒரு நடப்புதானே, அது மட்டும் எப்படி நடக்கும்?

ஆனால் வாங்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லையே தவிர, மோதிரத்தின் அருமை தெருவுக்கு வெகு சீக்கிரம் தெரிந்துவிட்டது. முதலில் அதைக் கண்டுகொண்டவள் கோமுதான். அவள் மாமனாருக்கு இழுத்துக்கொண்டிருந்தது, அவருடைய மகன் மஸ்கட்டில் இருந்து கிளம்பி வர இரண்டு நாள் ஆகும். கோமு ஓடி வந்து, "எக்கா, வாங்குத மாதிரி பார்வைக்குத் தாங்க" என்று மோதிரத்தை வாங்கிக்கொண்டு போய் மாமனார் தலையணைக்கு அடியில் வைத்தாள். இழுப்பு இருந்த இடத்தில் நின்றது. மகன் வந்தான், அப்பா கையைப் பிடித்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் கோமு மோதிரத்தை எடுத்துக்கொண்டு தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள் வீட்டுக்குள் இருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பதினாறு முடிந்ததும் ஒரு தூக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எங்க மாமா உங்களால ஒரு கொறையும் இல்லாம போனாவக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மாமியார் வந்து தங்கப்போகிற வீட்டில் கேட்டார்கள், அந்த மூன்று நாளும் ஒரு வாய்ச்சண்டை இல்லை. ஆக்கிரமிப்பு என்று சொல்லி முன்பக்கத்தை இடிக்க வருகிறார்கள் என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார், இயந்திரம் தெருமுனை வரை வந்து டீசல் தீர்ந்து நின்றது. பத்தாம் வகுப்பு எழுதிய ஒரு பெண், அம்மாவுக்குத் தெரியாமல் வந்து கேட்டாள், ஊரெல்லாம் வந்த ரிசல்ட் அவள் வீட்டுக்கு மட்டும் மூன்று நாள் கழித்து வந்தது. ஊர் அல்வாக் கடைக்காரர் மட்டும் பேராசைப்பட்டு, திருவிழா நேரத்தில் கடையில் ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாள் கிண்டியும் அல்வா சுருளவில்லை. கோதுமைப்பால் கோதுமைப்பாலாகவே இருந்தது. அவர் மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது தெருவே வாசலில் நின்று சிரித்தது.

இது ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்தது யாருக்கு என்றுதான் கேட்டார்கள். தெருமுனை டீக்கடைப் பலகையில், வடை போண்டாவுக்குக் கீழே, மோதிரம் இந்த வாரம் யார் வீட்டில் என்று சாக்பீஸால் எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி, வாங்குகிற பாவனையில் கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தலையை ஆட்டி, எடுத்துக்கொண்டு போவார்கள். எல்லாரும் ஒரே மாதிரி மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்ப வந்து, மனசு வரலக்கா என்பார்கள். நாலாம் நாள் வைத்துக்கொள்ள மட்டும் அத்தனை பேருக்கும் பயம். ஒன்றும் நடக்காமல் இருப்பது மூன்று நாளைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு மேல் யாருக்கு வேண்டும்?

அந்த மூன்று மூன்று நாளில்தான் சங்கரவடிவு வீட்டில் எல்லாம் நடந்தது. பல வருடத் தேங்காய்கள் மடமடவென்று விழுந்தன. பூனை குட்டி போட்டது. பாதி நரைத்த முடி மீதியும் நரைத்து, கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட ஒரு மூன்று நாளில், இரண்டாவது தடவை மோதிரம் போயிருந்தபோது, செங்கோட்டை ரோட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் நயினார் வந்தார். ஐம்பத்தைந்து வயது, மனைவி இறந்து எட்டு வருடம், நகக்கண்ணில் எப்போதும் செம்மண். அல்லி வளர்க்க வெண்கல உருளி வேண்டும் என்று வந்தவர், வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு மனோரஞ்சிதக் கன்றைத் தொட்டியோடு கொண்டுவந்திருந்தார்.

"இது பூக்க நாளாகும். பச்சையா இருக்கும்போது வாசம் தெரியாது. மஞ்சளா பழுக்கும் பாருங்க, அப்ப வீடே மணக்கும்" என்றார்.

உருளியை எடுத்துக்கொண்டு போனவர் மறுபடியும் வந்தார். ஒருமுறை மண்ணைக் கிளறிவிட, ஒருமுறை எரு வைக்க, ஒருமுறை சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று. மோதிரம் வீட்டில் இருக்கும்போது கிளம்பினார் என்றால் டீக்கடை வரை வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று யோசித்தபடி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். மோதிரம் வெளியே இருந்தால் உள்ளே வந்து உட்காருவார். காபி குடிப்பார், டம்ளரை உருட்டுவார், தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்" என்பார். சங்கரவடிவுக்குக் காது இரண்டும் சூடாகிவிடும். சரியாக அந்த நேரத்தில் தரகரோ, தெருவில் யாரோ ஒருவரோ மஞ்சள் முடிச்சோடு வாசலில் வந்து நிற்பார்கள். நயினார் அந்த முடிச்சைப் பார்ப்பார். மென்று விழுங்குவார். "செடிக்குத் தண்ணி அதிகம் விடாதிய" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

இப்படி ஒருமுறை இல்லை, இருமுறை இல்லை, ஏழு முறை. ஏழாவது முறை அவர் போனபிறகு சங்கரவடிவு மேஜை மேல் இருந்த முடிச்சைப் பார்த்து, நீ நாசமாய்ப் போக என்று மனசுக்குள் திட்டினாள். நாசமாய்ப் போவதும் ஒரு நடப்பு. அது அங்கேயே கிடந்தது.

அப்போதுதான் மதுரையில் இருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். பழைய நகை சேகரிக்கிறவராம், யார் மூலமோ மோதிரத்தின் படத்தைப் பார்த்தாராம். மோதிரம் அன்றைக்குச் சைக்கிள் கடைக்காரர் வீட்டில் இருந்ததால் போன் அடித்தது.

"எனக்கு அந்த மூணு நாள் நம்பிக்கையெல்லாம் கிடையாதும்மா. நாளைக்குக் கார்ல வர்றேன், பார்க்கிறேன், அப்பவே பணத்தைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றார்.

சங்கரவடிவு போனை வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். பார்வைக்கு வைத்துக்கொள்ளாத ஆள்! சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்கு அவரை நேராகக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, அங்கே மோதிரம் இருக்கிறது. கடைக்காரரைத் தெருவுக்கு வரச் சொல்லி, எந்த வீட்டுக்குள்ளும் இல்லாமல், நட்ட நடுத்தெருவில் வைத்து மோதிரத்தைக் கைமாற்றிவிட்டால் நடந்துவிடும். இத்தனை வருடத்தில் இது தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கோமுவிடம் சொல்லிவிட்டாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

சாயங்காலமே திரவியம் சார் தலைமையில் நாலு பேர் வந்துவிட்டார்கள். திரவியம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தவர்.

"ஏ வடிவு, மோதிரத்த வெளியூர்க்காரனுக்கு விக்கப்போறியாமே?"

"ஆமா சார்வாள்."

"தெருவுக்கு ஒரு ஆத்திர அவசரம்னா என்ன செய்ய? அத நெனச்சுப் பாத்தியா? நீ விக்காத. நாங்க எல்லாரும் பேசிட்டோம். கோயில்ல ஒரு பெட்டி செஞ்சு வைப்போம், தேவைப்பட்டவங்க எடுத்துக்கிடட்டும். உன் பேரையும் பெட்டியில போடச் சொல்லுதேன்."

"என் பேரப் போட்டா எனக்கு ஆச்சா? இருபத்தேழு வருசமா என் வீட்டுல ஒண்ணும் நடக்காம கெடக்கேன். நீங்க மூணு நாள் வச்சிருந்துட்டு மனசு வரலம்பிய. எனக்கு மட்டும் மனசுன்னு ஒண்ணு இல்லையா?"

"கோவப்படாத. பொதுக் காரியம் பாரு" என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள்.

மறுநாள் மதுரைக்காரரின் கார் தெருமுனையில் நின்று, தாணுப்பிள்ளை வீடு எது என்று டீக்கடையில் கேட்டது. கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அந்த வைரமா? அதுல காக்கைப்பாதம்லா இருக்கு" என்றார். கல்லுக்குள் காக்கையின் கால் போலக் கறுப்பாகக் கீறல் இருந்தால் அந்தக் கல் குடும்பத்தை அழிக்கும் என்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த திரவியம் சார் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "அதுவும் ரெண்டு" என்றார். மூன்று நாள் நம்பிக்கை இல்லாத மனிதருக்குக் காக்கைப்பாதத்தில் நம்பிக்கை இருந்தது. கார் அங்கேயே திரும்பியது.

சங்கரவடிவு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மத்தியானம் வரை வாசலில் நின்றாள். கோமு வந்து விஷயத்தைச் சொன்னதும் தெருவில் இறங்கினாள். கட்டின பட்டுச்சேலையோடு, நடுத்தெருவில் நின்று, ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லித் திட்டினாள். யார் மாமனார் எப்படிப் போனார், யார் வீட்டு முன்பக்கம் எப்படி நிற்கிறது, யார் மகள் எத்தனை மார்க் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டாள். ஒரு கதவும் திறக்கவில்லை. இனி இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன் என்று அவள் குரல் உச்சத்துக்குப் போன நேரத்தில், சைக்கிள் கடைக்காரர் பூனை மாதிரிப் பின்பக்கமாகப் போய், அவள் வீட்டு அடுக்களை ஜன்னல் வழியாக மோதிரத்தை உள்ளே வைத்துவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு மூன்றாம் நாள்.

வாசற்படி ஏறி உள்ளே வந்ததும் கோபம் அப்படியே நின்றது. தணியவில்லை, மேலே போகவுமில்லை. தொண்டையில் சிக்கிய சோறு மாதிரி ஒன்பது நாள் அங்கேயே இருந்தது.

பத்தாம் நாள் திரவியம் சார் குடையோடு வந்தார். ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை, அவர் வீட்டு மதில் பிளந்து உள்பக்கம் சாய்ந்து நிற்கிறது, கொத்தனார் மழை விட்டால்தான் வருவேன் என்கிறான், உள்ளே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வெட்கம் இருந்தது அவர் முகத்தில். ஆனால் வெட்கத்தைவிட மதில் பெரிதாக இருந்தது. "மூணே நாள் வடிவு" என்றார். சங்கரவடிவு முடிச்சை எடுத்து நீட்டினாள். அவர் வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும், ஒன்பது நாளாக நின்றிருந்த கோபம் விட்ட இடத்தில் இருந்து பொங்கி வந்தது. யாரைத் திட்டுவது? சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முற்றத்தில் மனோரஞ்சிதத் தொட்டி இருந்தது.

செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணெதிரே ஒரு புது இலை விரிந்துகொண்டிருந்தது. மோதிரம் வெளியே போகிற ஒவ்வொரு தடவையும் அது ஒரே ஓர் இலைதான் விடும், அவளுக்கு அது தெரியும், ஆனால் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. கீழே உட்கார்ந்து, இங்கே வந்த பிறகு விட்ட இலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். முப்பது. அப்பா செத்த முதல் தடவையையும் சேர்த்தால் முப்பத்தொன்று. மூன்று மூன்று நாளாக, தொண்ணூற்று மூன்று நாள்.

இருபத்தேழு வருடத்தில் அவள் வாழ்ந்தது மூன்று மாசமும் மூன்று நாளும்.

அப்பா எடுத்த பணத்துக்காக, அப்பா எடுத்ததைவிடப் பெரிதாக ஒன்றை அவளே தன் கையால் எடுத்து அந்தக் கல்லுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று முழுக்க அழுதாள். மறுநாளும் கொஞ்சம் அழுதாள். மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தபோது, செடியில் வெகுநாளாகப் பச்சையாகவே தொங்கிக்கொண்டிருந்த ஒற்றைப் பூவின் ஓரம் மஞ்சளாகியிருந்தது.

சேலை நாலு, அம்மா படம் ஒன்று, பென்ஷன் புத்தகம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். ஜன்னல்களில் ஒன்றை மட்டும் திறந்து வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினாள். தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது கோமு வாசலில் நின்றாள்.

"எக்கா, எங்க கெளம்பிட்டிய?"

"ஒருத்தரு ஏதோ கேக்கணும் கேக்கணும்னு சொல்லிட்டே இருக்காரு. என்னன்னு போயிக் கேட்டுக்கிடுதேன்."

"சாயங்காலம் சார் மோதிரத்தக் கொண்டாருவாவளே. வாங்கி வைக்க ஆள் வேண்டாமா?"

"அதுக்கு ஆள் எதுக்குட்டி? வீடு இருந்தாப் போதும்."

மோதிரம் உள்ளே இருக்கிற நேரத்தில் வீட்டுக்குள் யார் இருக்கிறார்களோ அவர்களைத்தான் அது பிடிக்கும் என்பது தெருவுக்கே தெரியும். கோமு ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசித்துவிட்டு, "பைய இங்க குடுங்க, பஸ் வரைக்கும் நான் தூக்கியாரேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் திரவியம் சார் வந்து கதவைத் தட்டினார். விளக்கு வைக்கும் நேரம் வரை தட்டினார். விடிந்தால் நாலாம் நாள் என்ற பயத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் திறந்திருந்த ஜன்னல் வழியாக முடிச்சை உள்ளே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அவர் மதில் அன்றைக்கே விழுந்தது, ஆனால் முட்டுக் கொடுத்திருந்ததால் வெளிப்பக்கம் விழுந்தது. அந்தப் பூட்டிய வீட்டில் இன்றைக்கு வரைக்கும் ஒரு தூசி படியவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, பல்லி கத்தவில்லை. தெருக்காரர்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள். ஏதாவது ஒன்று நடக்காமல் இருக்க வேண்டும் என்றால் அந்த வீட்டு வாசற்படியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். பலிக்கிறதா என்றால், முன்னே அளவுக்கு இல்லை என்கிறார்கள்.

செங்கோட்டை பஸ்ஸில் சங்கரவடிவு தொட்டியை மடியில் வைத்திருந்தாள். கடையம் தாண்டும்போது பூ முழுக்கப் பழுத்து, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் யார் பலாப்பழம் கொண்டுவந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்து, கொடுத்த பிறகும் பக்கத்திலேயே நின்றார்.

நயினார் நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பைப்பைக் கீழே போட்டார், போட்டதை எடுத்தார், மறுபடியும் போட்டார். அவளிடம் வாங்கிப்போன உருளியில் அல்லி பூத்திருந்தது.

"ஏழு தடவை வந்து, ஒண்ணு கேக்கணும் கேக்கணும்னியளே. அத இப்பக் கேளுங்க" என்றாள் சங்கரவடிவு.

நயினார் வேட்டியில் கையைத் துடைத்தார். தரையைப் பார்த்தார். "மோதிரம் வித்துப்போச்சா?" என்றார்.

இந்த மனுஷனும் அதைத்தானா? இதைக் கேட்கத்தானா ஏழு தடவை பஸ் ஏறி வந்தார்?

"விக்கல. விக்கவும் மாட்டேன். வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டியாச்சு. எனக்கும் அதுக்கும் இனிமே ஒரு சம்பந்தமும் கெடையாது. அது வேணும்னா ஜன்னல் தொறந்துதான் கெடக்கு, போயி எடுத்துக்கிடுங்க" என்று கத்தினாள். கத்த முடிந்தது.

நயினார் அப்படியே கவிழ்த்து வைத்திருந்த ஒரு மண்தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா" என்றார்.

"என்ன அப்பாடா?"

"நான் வாயத் தொறக்கும்போதெல்லாம் யாராவது அந்த முடிச்சத் தூக்கிட்டு வந்து நின்னுருவாங்க. நானு நாத்து விக்கிதவன். அம்மாம் பெரிய கல்லு இருக்க வீட்டுல போயிப் பொண்ணு கேட்டா, கல்லுக்காகத்தான் கேக்கான்னு ஊரு சொல்லும். ஊரு சொன்னாச் சொல்லட்டும், நீங்களும் அப்படி நெனச்சுட்டா? அதான் முழுங்கிட்டு முழுங்கிட்டு வந்துருவேன்."

சங்கரவடிவு தொட்டியை இறக்கக்கூட மறந்து நின்றாள்.

"அப்ப நான் வித்திருந்தா?"

"வித்திருந்தா அவ்வளவு பணமும் உங்க கையில இருக்கும்லா. அப்பமும் கேட்டிருக்க மாட்டேன்."

முப்பத்தொரு தடவை, ஒவ்வொரு தடவையும் விற்றுவிட வேண்டும் விற்றுவிட வேண்டும் என்று கன்னி விநாயகருக்குத் தேங்காய் உடைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு தடவை விநாயகர் காது கொடுத்துக் கேட்டிருந்தாரோ, போச்சு. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது, எந்தத் தடையும் இல்லாமல் வெளியேயும் வந்தது. வந்து முடிகிறவரை நயினார் காத்திருந்தார்.

"சரி, கேளுங்க" என்றாள்.

நயினார் எழுந்து நின்று வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

யாரும் வரவில்லை. அவர் கேட்டார்.